முதல் தடவை வீதித் திருவிழாவில் மேசை போடப்போகிறவருக்கு

நீங்கள் கேட்டது இது: வீட்டில் இருந்தபடி பனையோலைப் பை, சின்னப் பெட்டி, துணித் தோடு எல்லாம் செய்கிறீர்கள். இதுவரை தெரிந்தவர்களுக்குத்தான் விற்றிருக்கிறீர்கள். இப்போது யாழ்ப்பாணம் நகருக்குள் சனி, ஞாயிறு நடக்கப்போகும் ஒரு வீதித் திருவிழாவில் ஒரு மேசைக்கு இடம் தருகிறார்கள், 6000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். போகலாமா, என்ன கொண்டுபோவது, என்ன விலை வைப்பது, குறைத்துக் கேட்டால் என்ன சொல்வது?

போங்கள் தங்கச்சி. ஆனால் காசைக் கட்டும் முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். நானும் ஓலை வேலைதான். வடமராட்சியில் அம்மாவிடம் பழகினது. ஒன்பது வருடமாக நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாக் காலம், முற்றவெளியில் நடக்கிற கண்காட்சி, பள்ளிக்கூட விழா, தேவாலயப் பெருநாள் என்று மேசை போட்டு வருகிறேன். முதல் இரண்டு வருடமும் கைக்காசைத்தான் விட்டேன். பொருள் சரியில்லாததால் அல்ல. வீதியைக் கடை என்று நினைத்தேன், அதுதான் பிழை.

கடைக்கு வருகிறவர் ஏதோ ஒன்றை வாங்க நினைத்து வருகிறார். வீதிக்கு வருகிறவர் காற்று வாங்க வருகிறார். ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையில் கச்சான் சரை. பின்னால் வருகிற கூட்டம் தள்ளிக்கொண்டே இருக்கும். உங்கள் மேசையைக் கடக்க அவருக்கு நாலு எட்டுப் போதும். அந்த நாலு எட்டுக்குள் அவர் நிற்க வேண்டும், தொட வேண்டும், விலை தெரிய வேண்டும், கையில் கொண்டுபோகக் கூடியதாக இருக்க வேண்டும். நான் கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த நாலு எட்டுக்காகத்தான்.

முதலில் கணக்கு. இதில்தான் எங்கள் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதுவும் தங்களைத் தாங்களே. ஒரு நடுத்தரப் பையை எடுப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஓலை 200 ரூபாய், சாயமும் விறகும் 60, உள்துணியும் ஸிப்பும் 180, பிடி 60. மொத்தம் 500. இதை 900 ரூபாய்க்கு விற்றால் 400 ரூபாய் இலாபம் என்று மனம் சொல்லும். ஓலை வார்ந்தது யார்? சாயம் அவித்தது, இழைத்தது, விளிம்பு கட்டினது, துணி தைத்தது யார்? எல்லாம் சேர்த்து நாலு மணித்தியாலம். நாட்கூலி 2000 ரூபாய் என்று பிடித்தாலும் எட்டு மணித்தியால நாளில் அது பாதி, 1000 ரூபாய். ஆக, பை உங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போதே 1500 ரூபாய். 900 க்கு விற்றால் அந்த நாலு மணித்தியாலத்துக்கு 400 ரூபாய்க்குக் கூலிவேலை செய்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் வெங்காயம் கிண்டப் போயிருந்தால் கூடக் கிடைத்திருக்கும்.

இனி இடத்துச் செலவு. மேசைக்கு 6000, இரண்டு நாளும் ஓட்டோ போகவர 3000, சாப்பாடு தேத்தண்ணிக்கு 2000, லைற், வயர், கயிறு என்று 1000. மொத்தம் 12000. இதை விற்கிற பொருளின் எண்ணிக்கையால் பிரிக்காதீர்கள். 40 பொருள் விற்பேன், தலைக்கு 300 என்று போட்டால் 350 ரூபாய்த் தோட்டின் தலையிலும் 300 ஏறிவிடும். விற்பனைக் காசால் பிரியுங்கள். இரண்டு நாளில் 60000 ரூபாய்க்கு விற்பேன் என்றால் 12000 என்பது ஐந்தில் ஒன்று. அப்படியென்றால் எந்தப் பொருளை விற்றாலும் அதன் விலையில் ஐந்தில் ஒன்று இடத்துக்குப் போகிறது. 1500 ரூபாய்ப் பை மீதி நாலு பங்கு. விலை 1875 வர வேண்டும், 1900 என்று எழுதுங்கள்.

சரி, முதல் தடவையே 60000 வருமா? எனக்கு வரவில்லை. பாதி வந்தாலே நல்லது. 30000 தான் என்றால் அதே 12000 ஐந்தில் இரண்டாகிவிடும். பையை 2500 க்கு விற்றால்தான் கட்டும், அந்த விலைக்கு வீதியில் ஆள் நிற்காது. அதனால் உங்களுக்கு நான் சொல்வது: மேசையைப் பாதிப் பாதியாக எடுங்கள். உங்களோடு போட்டியில்லாத வேலை செய்கிற ஒருவரைப் பிடியுங்கள். மண்பாண்டம், கைத்தையல், சவர்க்காரம், எதுவானாலும் சரி. இடம், ஓட்டோ, லைற் மூன்றும் பாதியாகும், சாப்பாடு மட்டும் முழுசு. 12000 ரூபாய் 7000 ஆகிவிடும். இரண்டாவது ஆள் இருந்தால் இன்னொரு வசதி, மலசலகூடத்துக்குப் போய் வரலாம். சிரிக்காதீர்கள். ஆறு மணித்தியாலம் தனியாக இருந்து பாருங்கள், தெரியும்.

விலை வைக்கும் முன் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். சபை 1978 இல் தொடங்கினது, பனம்பொருளுக்கு யாழ்ப்பாணத்தில் சனம் மனதில் வைத்திருக்கிற விலை பெரும்பாலும் அங்கே பார்த்ததுதான். அதே பெட்டியை அதைவிடக் கூட்டி விற்கப்போகிறீர்கள் என்றால் ஏன் என்று உங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். இழை சின்னது, உள்ளே துணி வைத்துத் தைத்தது, சாயம் கழறாது, இப்படி ஏதாவது ஒன்று. பதில் இல்லையென்றால் விலையைக் குறைக்காதீர்கள், வேறு பொருள் செய்யுங்கள்.

என்ன கொண்டுபோவது? என் முதல் மேசையில் ஆறு பெரிய கடகம், பத்துப் பெரிய பை, நாலு பாய். பார்த்தவர்கள் எல்லாரும் “வடிவாக் கிடக்கு” என்றார்கள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யார் ஐஸ்கிரீம் குடிப்பது? மோட்டார் சைக்கிளில் நாலு பேராக வந்த குடும்பம் கடகத்தை எங்கே வைப்பது? பெரிய பொருள் இரண்டு மூன்று இருக்கட்டும், உயரத்தில் தொங்கட்டும், தூரத்தில் வருகிறவர் கண்ணை அது இழுக்கும். காசு தருவது உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். கொட்டைப்பெட்டியைக் கொஞ்சம் ஒடுக்கமாக இழைத்தால் சில்லறை வைக்கிற பேர்ஸ். அம்மம்மா அதில் வெற்றிலை வைத்திருந்தா, இப்போது வருகிற பிள்ளைகள் இயர்போன் வைக்கிறார்கள். திறப்பில் கொழுவுகிற ஓலைக் கிளி, பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை, புத்தகத்துக்குள் வைக்கிற ஓலைப் பட்டி. உங்கள் துணித் தோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், பனங்கட்டி வைக்கிற மாதிரிச் சின்னக் குட்டானில் வைத்துக் கொடுங்கள். 350 ரூபாய்த் தோட்டை 450 க்குத் தயங்காமல் வாங்குவார்கள், குட்டான் ஒன்றுக்கு உங்களுக்குப் பத்து நிமிடம்.

சமையல் சாமானையும் விடாதீர்கள். பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியும் ஈர்க்கு இடியப்பத் தட்டும் எங்கள் வீடுகளில் இன்னும் ஓடுகிற பொருள். 2023 ஒக்டோபரில் ஒருமுறை பாவித்து எறிகிற பிளாஸ்டிக் சாமான்களைத் தடை செய்தபோது அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் இருந்தது. அதைச் சொன்னால் ஈர்க்குத் தட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஒன்று மட்டும்: சாப்பாடு படுகிற எதற்கும் சாயம் போடாதீர்கள். நீத்துப்பெட்டியில் சிவப்பு விளிம்பு வைத்தால் மேசையில் வடிவுதான், ஆவியில் வைத்தால் பிட்டுச் சிவக்கும்.

சாயத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். ஊதாவும் கருஞ்சிவப்பும்தான் அதிகம் கழறும். அவித்துக் காய்ந்த ஓலையை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் இன்னும் அலச வேண்டும், தண்ணீர் தெளிவாக வரும்வரை. ஒருமுறை திடீரென்று மழை தூறி, ஒரு அக்காவின் வெள்ளைச் சீலையில் என் பையின் ஊதா நிறம் இறங்கிவிட்டது. காசைத் திருப்பிக் கொடுத்தேன், பையையும் அவவிடமே விட்டேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

பொருளைச் சோதிக்க ஊரில் ஒரு முறை இருக்கிறது, எனக்கு அதை ஒரு ஆச்சிதான் காட்டினா. கடகத்தைக் கையில் எடுத்தா, உள்ளே பார்க்கவே இல்லை. கவிழ்த்துப் பிடித்து, அடியின் மூலையில் பெருவிரலை வைத்து ஒரு அழுத்து. ஓலை உள்ளே போனது. “பிள்ளை, பொத்தினது இறுக்கமில்லை. ரெண்டு தரம் நெல்லுச் சுமந்தா மூலை கிழியும்” என்றா, வைத்துவிட்டுப் போய்விட்டா. வீட்டுக்கு வந்து மீதி ஐந்தையும் அழுத்திப் பார்த்தேன், மூன்று அப்படித்தான். இப்போது மேசைக்குப் போகும் முன் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அழுத்திப் பார்க்காமல் கட்டுவதில்லை. வெளிநாட்டில் இருந்து வருகிறவர் நிறத்தைப் பார்ப்பார். ஊர் ஆட்கள் அடியைப் பார்ப்பார்கள்.

இடம். எந்த மூலை வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் மேடைக்குப் பக்கம் கேட்பார்கள். கேட்காதீர்கள். ஒரு விழாவில் மேடைக்கு அடுத்த மேசையை எனக்குத் தந்தார்கள், பெரிய சலுகை மாதிரி. பெட்டி ஸ்பீக்கர் என் முதுகுக்குப் பின்னால். இரண்டு நாளும் வந்தவர்களோடு கையால்தான் பேசினேன், விலையை விரலால் காட்டினேன். சனம் மேடையைப் பார்த்தபடி நின்றது, என் மேசைக்கு முதுகைக் காட்டி. நல்ல இடம் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற பக்கம். “ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறம் அக்கா” என்று சொல்லிப் போகிறவர்களில் மிகக் கொஞ்சப் பேர்தான் தேடி வருவார்கள். ஆனால் எல்லாரும் வண்டியை எடுக்கத் திரும்பி வந்தே ஆக வேண்டும். அப்போது அவர்கள் கையும் சும்மா இருக்கும், இன்னும் ஒன்றும் வாங்கவில்லையே என்ற எண்ணமும் இருக்கும்.

காசு கட்டும் முன் விழா நடத்துகிறவர்களிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்: மேசையும் கதிரையும் அவர்கள் தருவதா, மின்சாரம் எங்கிருந்து, சாமான் இறக்க ஓட்டோவை எத்தனை மணிவரை உள்ளே விடுவார்கள், மழை வந்து நின்றுபோனால் காசு என்னாகும், பக்கத்திலேயே இன்னொரு ஓலை மேசை போடுவார்களா. ரசீது கட்டாயம். நல்லூர் போன்ற இடம் என்றால் கதை வேறு. 25 நாள் திருவிழா, கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை வாகனத்துக்கு மூடிவிடுவார்கள், கடைக்கான இடம் மாநகர சபை வழியாகத்தான். முதல் தடவைக்காரருக்கு அது பெரிய சுமை. இரண்டு நாள் வீதி விழாதான் பழகுவதற்குச் சரி.

காற்றை மறக்காதீர்கள். சோளகம், அதாவது தென்மேல் காற்று, வீசுகிற காலத்தில் கூடாரத்தின் நாலு காலையும் கட்டாமல் விட்டால் அது முதலில் போகும், பின்னால் உங்கள் சாமான் போகும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுகிற காற்று உங்கள் தறப்பாளையும் ஏற்றும். தார் வீதியில் முளை அடிக்க முடியாது. 5 லீற்றர்த் தண்ணீர்க் கலன் நாலு நிரப்பி ஒவ்வொரு காலிலும் கட்டுவேன், தாகத்துக்கும் உதவும். ஓலைப் பொருள் பாரமில்லாதது, அதனால் மேசையில் அடுக்கி வைக்கிறதைவிடக் கயிறு கட்டிக் கொழுவுகிறது நல்லது. காற்றில் அசையும்போது ஆட்கள் கண்ணும் அதோடு அசையும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் ஓலையோடு வீதிக்கு வராமல் இருப்பது புத்தி. தையில் மழை குறையும், ஆனால் இரவில் பனி இறங்கும். எட்டு மணிக்குப் பிறகு ஓலை தொய்ந்துவிடும், விலைத்துண்டு சுருளும். மேலே ஒரு மறைப்பு இருந்தால் போதும்.

மேசை உயரம் சின்ன விடயம் மாதிரித் தெரியும். எல்லாவற்றையும் தட்டையாகப் பரப்பினால் முதல் வரிசையில் நிற்கிறவர் முதுகுக்குப் பின்னால் உங்கள் கடையே இல்லை. பழப்பெட்டி இரண்டைக் கவிழ்த்து மேலே சீலை விரித்துப் படி மாதிரி வையுங்கள். சீலை ஒரே நிறமாக இருக்கட்டும், கரும்பச்சை அல்லது கடும்நீலம். ஓலையின் வெண்மஞ்சள் அதில் எழும்பித் தெரியும். பூப்போட்ட விரிப்பில் வைத்த பெட்டி காணாமல் போய்விடும். இருட்டினால் மஞ்சள் பல்ப். வெள்ளை லைற்றில் புது ஓலை கடதாசி மாதிரி வெளிறிப்போகும். விலை எழுதின துண்டு ஒவ்வொரு பொருளிலும் இருக்க வேண்டும். விலை கேட்க வெட்கப்படுகிறவர்கள் எங்கள் ஊரில் அதிகம், கேட்டுவிட்டு வாங்காமல் போவது மரியாதைக் குறைவு என்று நினைத்துக் கேட்காமலே நடந்துவிடுவார்கள்.

தோடு, துணிச் சாமான்களைப் பின்னால் வையுங்கள். தும்பு முட்டாஸ் (பஞ்சு மிட்டாய்) சாப்பிட்ட பிள்ளையின் ஐந்து விரலும் ஒரு வெள்ளைத் துணிப் பூவில் பதிந்ததை நான் பார்த்திருக்கிறேன். தாய்க்காரி பிள்ளைக்கு ஒரு அடி போட்டா, பிள்ளை அழுதது, கூட்டம் திரும்பிப் பார்த்தது, அரை மணித்தியாலத்துக்கு ஒருவரும் மேசைக்குக் கிட்ட வரவில்லை. பிள்ளைகள் தொடுகிற உயரத்தில் கிலுகிலுப்பையும் கிளியும் மட்டும் இருக்கட்டும், அதைத் தொடத்தானே வேண்டும்.

இனி நான் கண்ட பெரிய விடயம். கதிரையில் சாய்ந்திருந்து போன் பார்க்காதீர்கள், இழையுங்கள். ஈரத் துணியில் ஓலைக்கட்டைச் சுற்றிக் கொண்டுபோங்கள், காய்ந்த ஓலை காற்றில் முறிந்துவிடும். மடியில் வைத்து ஒரு சின்னப் பெட்டியின் அடியைத் தொடங்குங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளை நிற்கும், பிள்ளைக்காகத் தாய் நிற்பா, தாய்க்குப் பின்னால் தகப்பன் கைகட்டி நிற்பார். “எங்கட அம்மம்மாவும் உப்பிடித்தான் இழைக்கிறவ” என்று யாராவது தொடங்கினால் அவர் கையில் ஓலையைக் கொடுத்துவிடுங்கள், இரண்டு இழை போடட்டும். விற்கிற கதை கதைக்கத் தேவையே இல்லை. கையால் செய்தது என்று மட்டையில் எழுதி வைக்கிறார்கள் சிலர், அதைப் பக்கத்து மேசையில் கொழும்பில் இருந்து மொத்தமாக இறக்கின சாமானுக்கும் எழுதுகிறார்கள். உங்கள் மடியில் பாதி இழைத்த பெட்டி இருந்தால் எழுதத் தேவையில்லை. அதே காரணத்துக்காக, மேசை வெறுமையாகத் தெரிகிறது என்று வாங்கி விற்கிற பிளாஸ்டிக் மாலையையோ காப்பையோ இடையில் வைக்காதீர்கள். ஒன்று கலந்தாலும் மற்றதெல்லாம் சந்தேகமாகிவிடும்.

பேரம். “அக்கா, உந்தப் பை என்ன விலை?” “1900.” “அறாவிலையாக் கிடக்கு, குறைச்சுத் தாங்கோவன்.” இதில் கோபிக்க ஒன்றுமில்லை, சந்தையில் கத்தரிக்காய் வாங்கிய பழக்கம். நான் விலையைக் குறைப்பதில்லை, ஒரு ஓலைக் கிளியைக் கூடக் கொடுப்பேன். விலையைக் குறைத்தால் பக்கத்தில் நிற்கிறவர் கேட்டுக்கொண்டிருப்பார், அன்றைக்கு முழுவதும் அந்தப் பை 1700 தான். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் பிறகு குறைத்தால் பிழையில்லை, அதுவும் திரும்பச் சுமக்க விருப்பமில்லாத பெரிய சாமானில் மட்டும். வெளிநாட்டுக்காரருக்கு ஒரு விலை, ஊரவருக்கு ஒரு விலை என்று சிலர் வைப்பார்கள். வேண்டாம். கனடாவில் இருந்து வந்தவர் யார், அவருக்குப் பக்கத்தில் நிற்கிற ஊர் மச்சாள் யார்? வீட்டுக்குப் போய் இரண்டு பையையும் வைத்து விலை கதைக்கும்போது உங்கள் பெயர்தான் அடிபடும்.

ஆடி, ஆவணியில் ஊருக்கு வருகிறவர்கள் வாங்குவதற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. அவர்கள் பார்ப்பது சூட்கேஸ். தட்டையாக மடிகிற பை, ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற அடுக்குப் பெட்டி, இவை போகும். அடுக்குப் பெட்டியை ஐந்தாகச் சேர்த்தே விலை சொல்லுங்கள். அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகிறவர் தாவரப் பொருளை அங்கே இறங்கும்போது அறிவிக்க வேண்டும். இதை நீங்களாகவே சொல்லிக் கொடுங்கள். ஓலை நன்றாகக் காய்ந்து, பூஞ்சணமோ பூச்சியோ இல்லாமல் இருக்க வேண்டும். ஈரமாக உறையில் கட்டிக் கொடுத்தால் அவர் வீட்டில் திறக்கும்போது பச்சைப் புள்ளி பூத்திருக்கும்.

காசுப் பக்கம் சுருக்கமாக. முதல் மணித்தியாலத்தில் எல்லாரும் 5000 தாளை நீட்டுவார்கள். மாற்றிக் கொடுக்க 100, 50, 20 ரூபாய்த் தாள்களாக ஒரு 5000 ரூபாயாவது கொண்டுபோங்கள். விலைகளை 50 இல் அல்லது 100 இல் முடியுமாறு வைத்தால் தலையிடி குறையும். போனால் ஸ்கான் செய்து காசு கட்டுகிற லங்கா கியூஆர் மட்டை ஒன்றை வங்கியில் எடுத்து வையுங்கள். கூட்டம் நெருக்கும்போது போன் சிக்னல் இழுபடும், அதனால் அவர் காட்டுகிற திரையை நம்பாமல் உங்கள் போனில் செய்தி வந்ததா என்று பார்த்துப் பொருளைக் கொடுங்கள். காசுப் பெட்டி மேசையில் வேண்டாம், இடுப்பில் கட்டுகிற பை. சாப்பாட்டுச் சாமானும் விற்க நினைத்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், செய்த திகதியும் முடிவுத் திகதியும் இல்லாமல் பனாட்டு (பனம்பழக் களியைக் காயவைத்தது) விற்காதீர்கள். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை.

உண்மையான காசு எங்கே என்று இன்னும் சொல்லவில்லை. அது மேசையில் இல்லை, உங்கள் கொப்பியில் இருக்கிறது. சனி இரவு ஒரு அம்மா வந்து ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கி, “உதில இருநூறு செய்து தருவீங்களோ? பிள்ளைக்குச் சாமத்தியவீடு” என்று கேட்பா. பூப்புனித விழாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற பெட்டி. கலியாணவீடு, பிறந்தநாள், புத்தக வெளியீடு, எல்லாவற்றுக்கும் இப்போது கேட்கிறார்கள். நான் முதல் தடவை சந்தோசத்தில் தலையாட்டிவிட்டேன். ஒரு பெட்டிக்கு 40 நிமிடம் என்றால் 200 பெட்டிக்கு 130 மணித்தியாலத்துக்கு மேல். எனக்கு இருந்தது மூன்று கிழமை, அதுவும் மழை, ஓலை காயவில்லை. அயலில் மூன்று பேரைப் பிடித்து இழைத்தோம். நாலு கைக்கு நாலு அளவு. மூடி ஒன்றுக்கும் மற்றதுக்கும் பொருந்தவில்லை. கடைசி இரவு மூடி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தபடியே விடிந்தது. இப்போது தச்சரிடம் ஒரே அளவில் ஆறு மரக்கட்டை வெட்டி வைத்திருக்கிறேன், யார் இழைத்தாலும் கட்டையைச் சுற்றித்தான். ஓடர் வந்தால் அந்த இடத்தில் ஓம் சொல்லாதீர்கள். பெயர், தொலைபேசி, எத்தனை, எந்த நிறம், எந்தத் திகதி என்று எழுதி, “நாளைக்குச் சொல்லுறன் அம்மா” என்று அனுப்புங்கள். இரவு கணக்குப் போட்டு, முடியுமென்றால் பாதிக் காசு முன்பணம். முன்பணம் தராத ஓடருக்கு ஓலை வாங்காதீர்கள்.

இதனால்தான் மேசையில் மாதிரிக்கு ஒரு பெட்டியை விற்காமல் கடைசிவரை வைத்திருக்க வேண்டும். எவ்வளவு கெஞ்சினாலும். ஞாயிறு இரவு எட்டரைக்கு வருகிற ஆள்தான் இருநூறு கேட்கிற ஆளாக இருப்பார். விழா முடிந்த கிழமை பிரதேச செயலகத்துக்கும் ஒருமுறை போங்கள். வியாபாரப் பெயரைப் பதிவதும் அங்கேதான், சிறு தொழில் முயற்சியைப் பார்க்கிற உத்தியோகத்தரிடம் பெயரும் நாலு படமும் கொடுத்து வைத்தால் அரச கண்காட்சிகள் வரும்போது அறிவிப்பார்கள். கைப்பணியாளர்களுக்கான தேசிய அருங்கலைகள் பேரவையில் பதிகிறதைப் பற்றியும் அவர்களிடம் கேட்கலாம்.

நேரத்தைப் பற்றி. சனிக்கிழமை ஐந்து மணிக்கு முன் வெயிலில் ஒருவரும் வரமாட்டார்கள். ஆறரையில் இருந்து ஒன்பது வரை தான் வியாபாரம். ஞாயிறு வேறு மாதிரி. மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டுப் படுத்த யாழ்ப்பாணம் நாலரைக்கு முன் எழும்பாது, அதை யாரும் மாற்ற முடியாது. ஆனால் திங்கள் பள்ளிக்கூடம் என்பதால் எட்டரைக்கே பிள்ளைகளோடு திரும்பத் தொடங்கிவிடுவார்கள். அதனால் ஞாயிறு நாலு மணிக்கே மேசை முழுதாக இருக்க வேண்டும். சனி இரவு எது முடிந்தது என்று பார்த்து, ஞாயிறு காலையில் அதை இழைக்க நேரம் ஒதுக்குங்கள். கிளி முடிந்திருக்கும், கட்டாயம் கிளிதான் முடிந்திருக்கும். சனிக்கு ஐம்பது கிளி, ஞாயிறுக்கு ஐம்பது கிளி என்று இப்போதே பிரித்துக் கட்டி வையுங்கள். ஞாயிறுக் கட்டைச் சனிக்கிழமை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள், கையோடு இருந்தால் விற்றுவிடுவீர்கள்.

அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். கூட்டிப் போங்கள், ஆனால் காசை அவவிடம் கொடுக்காதீர்கள். தெரிந்த முகம் வந்தால் “சும்மா கொண்டு போ பிள்ளை” என்று தூக்கிக் கொடுத்துவிடுவா. என் அம்மா இரண்டு நாளில் ஏழு பெட்டி அப்படிக் கொடுத்தா. அவவுக்கு நல்ல கதிரை ஒன்றும் ஈரத் துணியில் சுற்றின ஓலைக்கட்டும் கொடுத்து, முன்பக்கத்தில் இருத்துங்கள்.